இன்ஃப்ளிக்சிமாப் கைவிட்டால் அடுத்தது எது? (குரோன்ஸ்)

2024 ஆகஸ்ட் 4, செங்கலடியிலிருந்து ஒரு கேள்வி

என் தம்பிக்கு 23 வயது. நாலு வருடமாகக் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். அசாதயோப்ரின் குளிசைக்குக் கேட்கவில்லை. இன்ஃப்ளிக்சிமாப் ஊசி ஒரு வருடம் நல்லாய் வேலை செய்தது, இப்போது அதுவும் இல்லை. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசையில் நாட்களை ஓட்டுகிறோம். அடலிமுமாப், வெடோலிசுமாப், யுஸ்டெகினுமாப், புதிதாக வந்த குளிசை, இல்லாவிட்டால் ஒப்பரேஷன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 5

நான் பட்டவள், தங்கச்சி. ஊர் இலங்கையின் கிழக்கிலுள்ள தம்பிலுவில், 36 வயது, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். 2016 இல் தொடங்கிய நோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். உங்கள் தம்பி வந்த பாதை முழுக்க நானும் வந்திருக்கிறேன்.

எது நல்லது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: இன்ஃப்ளிக்சிமாப் எப்படிக் கைவிட்டது? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வருடம் வீணான பிறகுதான் நானே தெரிந்துகொண்டேன்.

அந்த மருந்தில் எலியின் புரதம் ஒரு பங்கு இருக்கிறது. அதை அந்நியன் என்று கண்டு உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கலாம். அப்படி உண்டானால், சேலைனில் எவ்வளவு ஏற்றினாலும் அடுத்த ஊசி வருவதற்குள் இரத்தத்தில் மருந்தே மிஞ்சாது. இது ஒரு வகைத் தோல்வி. மருந்து இரத்தத்தில் நிறைய இருந்தும் குடல் ஆறாமல் கிடந்தால் அது வேறு வகை. அங்கே நோயை ஓட்டுவது வேறு ஏதோ. முதல் வகைக்கு அதே குடும்பத்து அடலிமுமாப் உதவக்கூடும். இரண்டாவது வகைக்குக் குடும்பத்தையே மாற்ற வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இரத்தத்தில் மருந்தின் அளவும் எதிர்ப்புப் பொருளும் பார்க்கும் ஒரு சோதனை. தம்பிக்கு அதைச் செய்தார்களா?

என் கதை இது. 2019 இல் இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கினார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், 2 ஆம் கிழமை, 6 ஆம் கிழமை, பிறகு 8 கிழமைக்கு ஒருமுறை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் 40 நிமிடப் பாடம் முழுவதையும் நின்றே எடுத்தேன். அப்புறம் 2022 வந்தது, நாட்டில் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் இல்லை, மருந்து இல்லை. இரண்டு ஊசி தவறிப்போனது. ஐந்து மாதம் கழித்து மீண்டும் ஏற்றியபோது பத்தாவது நிமிடம் நெஞ்சு இறுகி, முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடிப்பு. நேர்ஸ் ஓடிவந்து சேலைனை நிறுத்தினார். விட்டுவிட்டு ஏற்றினால்தான் உடம்பு அதிகம் எதிர்க்கும் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். அந்த வருட இறுதியிலிருந்து அடலிமுமாபில் இருக்கிறேன். இப்போது அதுவும் ஆடத் தொடங்கியிருக்கிறது: சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலி, வாந்தி.

அடுத்தது என்று நான் மனதில் வைத்திருப்பது உபடாசிட்டினிப் குளிசை. ஊசி இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, எதிர்ப்புப் பொருள் பிரச்சினையும் இல்லை. ஒப்பரேஷன் மட்டும் கடைசிக்கும் கடைசி. வயிற்றில் கத்தி வைக்க விடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 5, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ப்ரெட்னிசலோனில் ஓட்டுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை மாதமாக? அது தீயை அமர்த்தும், காவல் காக்காது. எலும்பையும் கண்ணையும் தின்னும், சீனியை ஏற்றும். அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். டொக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 11

குளிசை பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிளினிக்கில் கேட்டேன். டொக்டர் முதலில் கேட்டது, "பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா?" இருக்கிறது. ஆறு வருடமாகக் காத்திருக்கிறோம். அப்படியானால் உபடாசிட்டினிப் வேண்டாம் என்றார், கருவைப் பாதிக்கலாம். மெதோட்ரெக்ஸேட்டும் அப்படித்தான், அதைக் கருத்தரிக்க முயல்வதற்கு மாதக்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டும். அடலிமுமாபும் அசாதயோப்ரினும் கர்ப்பத்திலும் பொதுவாகத் தொடரக்கூடியவை.

உங்கள் தம்பிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அந்தக் குளிசைக்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு: அக்கி, இரத்தக் கட்டி, கடுமையான கிருமித் தொற்று. சிகரெட் பழக்கம் உள்ளவர், இதய நோய் உள்ளவர் இன்னும் யோசிக்க வேண்டும். குரோன்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2023 இல். முதல் 12 கிழமை தினம் 45 மில்லிகிராம், பிறகு 15 அல்லது 30. வேகமாக வேலை செய்கிறது என்பது உண்மைதான்.

தம்பி சிகரெட் குடிப்பாரா? குடித்தால் முதலில் அதை நிறுத்தட்டும். குரோன்ஸை அது போல மோசமாக்கும் வேறு பழக்கம் இல்லை. மூட்டு வலிக்கென்று டைக்ளோஃபெனாக் போடவும் வேண்டாம், பெனடோல் போதும்.

2024 ஆகஸ்ட் 25

அடலிமுமாபைக் கொழும்பிலிருந்து எப்படிக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதுகிறேன், இதில் நான் ஒருமுறை பட்டேன்.

2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. முதல் தடவை ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டு, அதன் மேலேயே ஊசிப் பெட்டியை வைத்து இரவு பஸ்ஸில் ஏறினேன். விடியப் பார்த்தால் பெட்டியின் மூலையில் பனி பிடித்திருந்தது. ஊசிப் பேனாவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மருந்து உறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத மங்கல். போடாமல் எறிந்தோம். அன்று முழுக்க அழுதேன், அது கணவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

இப்போது ஐஸ் பையை ஒரு துவாயில் சுற்றி அடியில் வைப்பேன். அதன் மேல் மடித்த பத்திரிகைத் தாள், அதற்கும் மேல் ஊசி, பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி. மணிக்கொரு தடவை திறந்து பார்ப்பதில்லை, திறந்தால் குளிர் போய்விடும். கரண்ட் போனாலும் பதறத் தேவையில்லை: 25 பாகைக்கு மேல் போகாத இடத்தில், வெளிச்சம் படாமல் 14 நாள் வரை வைத்துப் பாவிக்கலாம் என்று அந்த மருந்தின் தாளிலேயே இருக்கிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் 25 பாகை எங்கே இருக்கிறது? அதனால் மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பதையெல்லாம் நம்ப வேண்டாம். பிரிட்ஜ் உள்ள வீட்டோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

2024 செப்டம்பர் 15

மருந்து மாற்றும் முன் காசநோயைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, தோலில் போடும் மான்டூ சோதனை, அல்லது இரத்தச் சோதனை. ஹெப்படைட்டிஸ் பி யையும் பார்க்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் இரண்டும் உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் நாடுகளில் குடல் காசநோயும் குரோன்ஸும் குடலுக்குள் விடும் கமராவில் ஒரே மாதிரித்தான் தெரியும். 2016 இல் எனக்கு முதலில் காசநோய் மருந்துதான் தந்தார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, இரத்தம் என்று அம்மா பயந்துபோனார். அது ரிஃபாம்பிசினின் நிறம். மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கமரா விட்டார்கள், புண் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் குரோன்ஸ் என்று உறுதிப்படுத்தினார்கள். அந்த மூன்று மாதத்தை வீண் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காசநோய் உள்ளவருக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

2024 அக்டோபர் 20

"மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வே இல்லையா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். சில இருக்கின்றன.

2022 இல் வந்த சீவ்யூ ஆய்வு அடலிமுமாபையும் யுஸ்டெகினுமாபையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் அடலிமுமாபில் 61%, யுஸ்டெகினுமாபில் 65%. வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் முதல் தடவையாக இப்படியான மருந்து எடுப்பவர்கள். உங்கள் தம்பிக்கும் எனக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

எங்களுக்குப் பொருந்துவது 2024 இல் வந்த சீக்வென்ஸ். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் குடும்பம் கைவிட்டவர்களை மட்டும் எடுத்து, ஒரு பகுதிக்கு ரிசன்கிசுமாப் என்ற இன்னொரு மருந்தும் மறுபகுதிக்கு யுஸ்டெகினுமாபும் கொடுத்தார்கள். 24 ஆம் கிழமையில் அடங்கியவர்கள் 58.6%, மற்றதில் 39.5%. 48 ஆம் கிழமையில் கமராவில் பார்த்துக் குடல் ஆறியவர்கள் 31.8%, மற்றதில் 16.2%. வித்தியாசம் பெரியது. அதேநேரம் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். வென்ற மருந்திலும் மூன்றில் ஒருவருக்குக்கூடக் கமராவில் முழுதாக ஆறவில்லை. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

வெடோலிசுமாப் குடலுக்குள் மட்டும் வேலை செய்யும். உடம்பின் மற்றப் பகுதிகளின் எதிர்ப்புச் சக்தியை அவ்வளவாகத் தொடாது, ஆகவே வயதானவர்களுக்கும் தொற்று அடிக்கடி வருபவர்களுக்கும் நல்லது. ஆனால் மெதுவான மருந்து, பலன் தெரிய மாதக்கணக்காகும். ப்ரெட்னிசலோனை விட முடியாமல் நிற்கும் பையனுக்கு அந்த மெதுவைத் தாங்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

வாசித்ததையெல்லாம் எழுதிவிட்டேன். அரச வைத்தியசாலையில் எது கிடைக்கிறது, எது காசு கொடுத்து வாங்க வேண்டியது என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. கிடைக்காத சிறந்த மருந்தை விட, 8 கிழமைக்கு ஒருமுறை தவறாமல் கிடைக்கும் இரண்டாவது மருந்து மேல். 2022 எனக்குச் சொன்னது அதைத்தான்.

2024 நவம்பர் 9

தம்பியின் முடிவு வந்துவிட்டதென்று எழுதியிருக்கிறீர்கள்: இரத்தத்தில் மருந்து இல்லை, எதிர்ப்புப் பொருள் மிக அதிகம். இது முதல் வகை. டொக்டர் அடலிமுமாபோடு அசாதயோப்ரினையும் சேர்த்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அசாதயோப்ரின் தனியாகத் தோற்றதுதான். ஆனால் சேர்ந்து நிற்கும்போது அதற்கு வேறு வேலை, புது மருந்துக்கு எதிராக உடம்பு கிளம்பாமல் அமர்த்தி வைப்பது. 2010 இல் சோனிக் ஆய்வில் இன்ஃப்ளிக்சிமாபோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்ரீரொயிட் இல்லாமல் அடங்கியவர்கள், இரண்டும் சேர்ந்தபோது 56.8%, இன்ஃப்ளிக்சிமாப் தனியே 44.4%, அசாதயோப்ரின் தனியே 30%.

வெள்ளை அணு எண்ணிக்கையைத் தவறாமல் பாருங்கள். எங்கள் ஆசிய ஆட்களில் சிலருக்கு அசாதயோப்ரினை உடைக்கும் சக்தி பிறப்பிலேயே குறைவு. திடீரென்று முடி கொட்டினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

எனக்கும் அளவு பார்த்தார்கள். அடலிமுமாப் 11. போதுமான அளவு. எதிர்ப்புப் பொருள் இல்லை. அப்படியானால் எனக்கு இரண்டாவது வகை, குடும்பத்தை மாற்ற வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பர் 28

வெள்ளம். வீதி போய்விட்டது, கிளினிக் இல்லை. ஊசி பக்கத்து வீட்டு மாடியில் ஐஸ் பெட்டிக்குள். நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம். பிறகு எழுதுகிறேன்.

2025 ஜனவரி 21

வைத்தியசாலையிலிருந்து நேற்றுத்தான் வந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் மாமி வீட்டுக்குப் போகும் வழியில் அவித்த சோளன் விற்றார்கள். ஒன்று சாப்பிட்டேன், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு வயிறு பானை போல எழும்பியது. வலி அலை அலையாக வந்தது. ஒவ்வொரு அலைக்கும் தொப்புளுக்கு வலப்பக்கம் ஏதோ உருண்டு போய் ஒரு இடத்தில் முட்டி நிற்பதைக் கையை வைத்தால் உணர முடிந்தது. பிறகு பச்சை வாந்தி. மூக்கால் குழாய் விட்டு, சேலைனில் வைத்து, மூன்று நாளில் தானாகத் திறந்தது.

குடல் அழற்சியைக் காட்டும் கல்ப்ரொடெக்டினை மலத்தில் பார்த்தார்கள், 80 தான். அழற்சி கொதிக்கும்போது எனக்கு ஆயிரத்தைத் தாண்டும். அப்படியானால் இந்த அடைப்பு எதனால்?

2025 பெப்ரவரி 2

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. கடைசிச் சிறுகுடலில் ஒரு இறுக்கம். அதற்கு மேலுள்ள குடல் 4 சென்ரிமீற்றருக்கு விரிந்து கிடக்கிறது. டொக்டர் தாளில் ஒரு தோட்டக் குழாயை வரைந்து காட்டினார். உள்ளே இருப்பது வீக்கம் என்றால் மருந்தில் வற்றும். வருடக்கணக்கில் ஆறியும் புண்ணாகியும் வடுவாகிப்போன இடம் எந்த மருந்துக்கும் இளகாது. எனக்குப் பெரும்பாலும் வடு.

ஆகவே நவம்பரில் நான் எழுதியது பிழை. இரண்டு வகைத் தோல்வி என்றேன், மூன்றாவது இருக்கிறது. அடலிமுமாப் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஒரு தசாப்தத்துக்குக் கிட்டவாகச் சேர்ந்த வடுவை அதனால் திறக்க முடியவில்லை. ரிசன்கிசுமாப் கிடைத்திருந்தால் அதற்கும் இதே கதிதான். அடுத்த மருந்து, அடுத்த மருந்து என்று நான் தேடிய மாதங்களில் வடுவை யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

ஆகஸ்டில் கத்தி வைக்க விடாதீர்கள் என்று எழுதினேன். அதைப் படித்து யாராவது ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தால் தயவுசெய்து டொக்டரிடம் திரும்பப் பேசுங்கள். வடு இல்லாதவர்களுக்குக்கூட அது ஒரு தெரிவு என்று 2017 இல் நெதர்லாந்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. கடைசிச் சிறுகுடலில் 40 சென்ரிமீற்றருக்குள் நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்ஃப்ளிக்சிமாப், மறுபகுதியினருக்குச் சிறுதுளை ஒப்பரேஷன். ஒரு வருடத்தில் வாழ்க்கை நிலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இன்ஃப்ளிக்சிமாபில் தொடங்கியவர்களில் 48% பேருக்கு ஒப்பரேஷன் தேவைப்பட்டது. ஒப்பரேஷனில் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் இரண்டாவது தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு இந்த எண்கள் வேண்டாம். "புள்ள, வயித்தக் கீறினாப் பிறகு ஒண்டும் தூக்க ஏலாது, பிள்ளையும் தங்காது" என்று அழுகிறார். அவரோடு உட்கார்ந்து டொக்டர் வரைந்த குழாயை நானும் வரைந்து காட்டினேன். பேசவில்லை. அந்தத் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

2025 பெப்ரவரி 23

மூன்று கிழமையாகப் பால் மாதிரி ஊட்டத் தூள் கரைசல் மட்டும். சாப்பாடு இல்லை. ஒப்பரேஷனுக்கு முன் உடம்பைத் தேற்றவும் வீக்கத்தை அடக்கவும் இது. பிள்ளைகளில் 6 முதல் 8 கிழமை இதையே கொடுத்து, ஸ்ரீரொயிட் இல்லாமலே நோயை அடக்குகிறார்கள். பெரியவர்கள் தாங்குவதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டில் கூனிச் சுண்டல் மணக்கும் நேரம் கடற்கரைக்கு நடந்து போய்விடுவேன். குளிராக, உறிஞ்சு குழலில் குடித்தால் வாசனை தெரியாது. 2 கிலோ ஏறியிருக்கிறது.

2025 மார்ச் 23

முடிந்தது. 28 சென்ரிமீற்றர் எடுத்தார்கள், பெருங்குடலின் தொடக்கத்தோடு சேர்த்து. வயிற்றில் மலப் பை வைக்கவில்லை. நாலு சிறு துளையும், தொப்புளுக்குக் கீழே என் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டும். மூன்றாம் நாள் காற்றுப் பிரிந்தது. வாட்டில் இருந்த மிஸ் கைதட்டினார், எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தையல் வலித்தது. ஏழாம் நாள் வீடு.

எடுத்த குடலைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், உள்ளே பென்சில் போகும் அளவுதான் வழி இருந்தது என்றார்.

2025 மே 11

ஒப்பரேஷன் செய்தால் குரோன்ஸ் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டி ஒட்டிய இடத்திலேயே திரும்ப வரும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் அடலிமுமாபைத் தொடர்கிறேன், இந்த முறை அதற்கு அழற்சியைத் தடுக்கும் வேலை மட்டும்தான்.

எனக்குப் புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, காலையில் தண்ணீர் போல நாலு தடவை போவது. நோய் திரும்பிவிட்டதென்று பயந்தேன். பித்த உப்பை உறிஞ்சும் பகுதி போனதால் அது பெருங்குடலுக்கு இறங்கி ஓடவைக்கிறது என்றார்கள். கொலெஸ்டிரமின் தூள் தந்தார்கள், இரண்டு நாளில் நின்றது. அதை மற்றக் குளிசைகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது, அவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடும். மற்றது பி12. அதை உறிஞ்சும் இடமும் அதே இடம்தான், ஆகவே இனி ஊசியாக.

தயிரும் சோறும் சாப்பிடுகிறேன். சோளன் இன்னும் இல்லை.

2025 செப்டம்பர் 14

ஆறாம் மாதக் கமரா. ஒட்டிய இடத்தில் இரண்டு சின்னப் புள்ளி மட்டும், வேறொன்றும் இல்லை. இப்படியே அமைதியாக இருந்தால் பிள்ளைக்கு முயலலாம் என்றார் டொக்டர். வெளியே வந்து அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

தங்கச்சி, தம்பி ப்ரெட்னிசலோனை முழுதாக விட்டுவிட்டார் என்று நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். அவருக்கு அடுத்த முறை மருந்து அளவு பார்க்கும்போது, ஊசி போடும் நாளன்று, போடுவதற்கு முன் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். போட்டு இரண்டு மூன்று நாளில் எடுத்தால் எண் உயரமாகத்தான் வரும், பிரச்சினை மறைந்துவிடும். சாப்பிட்ட பின் வலி, வயிறு உப்பல் என்று தம்பி சொன்னால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எம்ஆர்ஐ கேளுங்கள்.